ஃபைனல் ஃபேன்டஸி 2: எந்தப் பதிப்பில் விளையாடுவது?

ஃபைனல் ஃபேன்டஸி என்பது ஜப்பானிய ரோல்-பிளேயிங் வீடியோ கேம் தொடர். முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். 1991-ல் அமெரிக்காவில் சூப்பர் நின்டெண்டோவுக்கு ‘ஃபைனல் ஃபேன்டஸி 2’ என்ற அட்டையோடு வந்த கேம் உண்மையில் நான்காவது பாகம். இரண்டும் மூன்றும் அப்போது ஜப்பானை விட்டு வெளியே போகவில்லை. அதனால் நான்கை இரண்டு என்று சொல்லி விற்றார்கள். பழைய கேம் விற்பவரிடம் அந்த கேட்ரிட்ஜைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஏமாந்தாலும் நஷ்டமில்லை, அது நல்ல கேம். ஆனால் நான் இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

நான் பேசுவது 1988 டிசம்பர் 17-ல் ஃபேமிகாமுக்கு (நின்டெண்டோவின் பழைய கன்சோல்) வந்த அசல் இரண்டாம் பாகம். ஹிரோனோபு சகாகுச்சியின் தலைமை, அகிடோஷி கவாஸுவின் விளையாட்டு விதிகள், நோபுவோ உயெமாட்சுவின் இசை, யோஷிடாகா அமானோவின் பாத்திர ஓவியங்கள். இந்தத் தொடரிலேயே அதிகம் திட்டு வாங்கியது எது என்று கேட்டால் பழைய ரசிகர்கள் பாதிப்பேர் இதைத்தான் கை காட்டுவார்கள். நான் மூன்று முறை முடித்திருக்கிறேன். திட்டுவதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லோரும் திட்டுகிற இடம் தப்பு என்பது என் எண்ணம். அந்தக் கணக்கு சரியானால்தான் எந்தப் பதிப்பை வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

கையில் இருக்கும் வழிகள் ஐந்து: ஃபேமிகாம் மூலப் பதிப்பு, பிளேஸ்டேஷனின் ‘ஆரிஜின்ஸ்’, கேம் பாய் அட்வான்ஸின் ‘டான் ஆஃப் சோல்ஸ்’, சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த பதிப்பு, ‘பிக்சல் ரீமாஸ்டர்’. ஆறாவதாக ஒரு வழியும் உண்டு: தொடாமலே நான்குக்குப் போய்விடுவது. அதையும் நான் கேவலமாக நினைக்கவில்லை.

முதல் ஃபைனல் ஃபேன்டஸியில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பெயரில்லாத நான்கு வீரர்கள், நான்கு படிகங்கள், அவ்வளவுதான். இரண்டாவது அப்படியில்லை. திரை விரிந்ததும் உங்கள் ஆட்கள் நான்கு பேரும் தோற்கிறார்கள். பாலமேசியப் பேரரசின் கறுப்புக் குதிரை வீரர்கள் ஒரே வீச்சில் ஒவ்வொருவராகச் சாய்க்கிறார்கள். ஜெயிக்கவே முடியாத சண்டை அது. பிறகு கண் விழித்தால் ஃபிரியன், மரியா, கய் மூன்று பேர்தான். மரியாவின் அண்ணன் லியோனைக் காணோம். இவர்கள் ஊரான ஃபின் எதிரி கையில் இருக்கிறது. இளவரசி ஹில்டாவின் கலகப் படை அல்டேர் என்ற சிறிய ஊரில் ஒளிந்துகொண்டிருக்கிறது. (அந்த மூன்றாவது ஆளின் பெயரைத் தமிழில் ‘கை’ என்று எழுதினால் கதை முழுக்கக் குழப்பம் வரும். அதனால்தான் ‘கய்’.)

அந்த ஹில்டா உங்களுக்கு முதலில் தருவது கத்தியோ காசோ அல்ல, ஒரு சொல்: காட்டு ரோஜா. கலகப் படையின் ரகசியக் குறி அது. இந்த கேமில் யாராவது முக்கியமாக ஏதாவது சொன்னால் அந்தச் சொல்லை ‘மனதில் வை’ என்று கட்டளை கொடுத்துச் சேமிக்கலாம். அப்புறம் இன்னொருவரிடம் அதே சொல்லைத் திருப்பிக் ‘கேட்கலாம்’. ஃபின் நகரம் முழுக்கக் காவல். தவறான ஆளிடம் பேச்சுக் கொடுத்தால் சண்டை, சண்டை என்றால் சாவு. அதற்குள் நுழைந்து, மதுக்கடைக்காரரிடம் ‘காட்டு ரோஜா’ என்றால் உள்ளே விடுகிறார். அங்கே காயத்தோடு கிடக்கிறான் ஸ்காட், ஹில்டாவுக்கு நிச்சயமானவன். தம்பி கோர்டனுக்குச் செய்தி சொல்கிறான். ஹில்டாவுக்கும் ஏதோ சொல்ல வருகிறான், வேண்டாம் என்று நிறுத்திக்கொள்கிறான், மோதிரத்தைக் கொடுத்துவிட்டு இறந்துபோகிறான். 1988-ல், இத்தனை சிறிய பிக்சல் பொம்மைகளை வைத்து, ஒரு ஆள் சொல்லாமல் விட்ட வார்த்தையைக் காட்சியாக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு அறைக்காகவே இந்த கேமை நான் மன்னிப்பேன்.

சாவு அதோடு நிற்காது. பார்ட்டியில், அதாவது உங்கள் குழுவில், நான்காவது இடம் எப்போதும் விருந்தாளிக்குத்தான். வெள்ளை மந்திரவாதி மின்வூ, சாலமண்ட் ஊர் ஜோசஃப், பயந்தாங்கொள்ளி இளவரசன் கோர்டன், கடல் கொள்ளைக்காரி லெய்லா, டிராகன் வீரன் ரிகார்ட். வருவார்கள், போவார்கள், சிலர் திரும்பவே மாட்டார்கள். பனிக்குகையில் ஜோசஃப் உருண்டு வரும் பாறையைத் தாங்கிப் பிடித்து மற்றவர்களை ஓடச் சொல்கிறார். சாலமண்டில் அவர் மகள் நெல்லி காத்திருக்கிறாள். நீங்கள் அந்த ஊர் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

அதே பனிக்குகையில்தான் கய் ஒரு பீவரோடு (நீரில் வாழும் பெரிய கொறிவிலங்கு) பேசுகிறான். அதற்கு முன்னும் அவன் மிருகங்களோடு பேசியதில்லை, பின்னும் பேசுவதில்லை. ஒரு தடவை, வழி கேட்க. இப்படிப்பட்ட கிறுக்குத்தனமும் இந்த கேமில் உண்டு. தொடரின் செல்லப்பறவை சோகோபோ முதலில் தலைகாட்டியதும், ஒவ்வொரு பாகத்திலும் வரும் சிட் என்ற பெயர் தொடங்கியதும் இங்கேதான்.

இனி திட்டு வாங்கும் பகுதிக்கு வருவோம். இந்த கேமில் கேரக்டருக்கு லெவல் கிடையாது, அனுபவப் புள்ளியும் கிடையாது. எதைச் செய்கிறீர்களோ அது வளரும். வாள் வீசினால் வாள் திறமை, வில் விட்டால் வில் திறமை. மந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 1 முதல் 16 வரை படிகள். அடி வாங்கினால் ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, கூடும். காகிதத்தில் இது அழகான யோசனை. வாழ்க்கையும் அப்படித்தானே?

நடைமுறையில் என்ன ஆனது? ஒரு சண்டையில் நிறைய ஹெச்பி இழந்து அப்படியே முடித்தால்தான் ஹெச்பி வளரும். நடுவில் மருந்து போட்டுக்கொண்டால் வளர்ச்சி போச்சு. ஆகவே புத்திசாலிகள் பலவீனமான ஒரு பூதத்தை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு, தங்கள் ஆட்களையே தாங்கள் அடித்துக்கொண்டார்கள். ஃபிரியன் மரியாவை வெட்டுகிறான், மரியா கய்மேல் அம்பு விடுகிறாள், ஒரு பூதம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. ஃபேமிகாமில் இன்னும் மோசமான ஒரு ஓட்டை: ஒருவருக்குக் கட்டளை கொடுத்து, உடனே ரத்து செய்து, திரும்பக் கொடுத்து, திரும்ப ரத்து செய்தால், ஒவ்வொன்றும் பயிற்சியாகக் கணக்கில் ஏறும். கத்தியைத் தூக்காமலே வாள்வித்தை.

ஆனால் எந்தப் பதிப்பிலும் இந்தக் கூத்து தேவையே இல்லை. முதல் முறை எனக்கும் அது தெரியாது. ஒரு மாலை முழுக்க அல்டேருக்கு வெளியே என் ஆட்களை நானே அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை சும்மா கதையைத் தொடர்ந்து போனேன், ஹெச்பி தானாகவே போதுமான அளவு ஏறியது. தேவையானது வேறு, அதை கேம் எங்கேயும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. இங்கே உயிர் காப்பது ஹெச்பி அல்ல, தப்பிக்கும் திறன். கனமான கவசம் அதைக் குறைக்கும், கேடயம் கூட்டும். தப்பிக்கும் சதவீதம் அதிகமாக இருந்தால்தான் சுறுசுறுப்பும் வளரும். புதிதாக வருபவர் கடையில் இருப்பதிலேயே விலை அதிகமான இரும்புக் கவசத்தை வாங்கி மாட்டி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார். போதாக்குறைக்கு கனமான பொருட்கள் மந்திரத்தின் வலுவையும் கெடுக்கும். தொடக்கத்தில் இலேசான உடை, கையில் கேடயம் என்று போங்கள். சிலர் இரண்டு கையிலும் கேடயம் பிடித்துச் சில மணி நேரம் நடப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பலன் நிச்சயம்.

இந்த முறைக்குள் இன்னொரு முள்ளும் இருக்கிறது. விருந்தாளியிடம் நீங்கள் வளர்த்த மந்திரமெல்லாம் அவரோடு போய்விடும். நோய் தீர்க்கும் எஸுனா மந்திரம் கீழ்ப்படியில் இருந்தால் சில கோளாறுகளை மட்டும்தான் தீர்க்கும், கல்லாய்ச் சமைந்தவனை எழுப்ப மேலே ஏற வேண்டும். அதை முழுக்க மின்வூவை நம்பி விட்டுவிட்டு, அவர் நோயாளி அரசரைக் கவனிக்க அல்டேரிலேயே தங்கிய நாளில் நான் விழித்த விழி இருக்கிறதே! அப்புறம் கடைசியில் வந்து சேரும் ஆள் மற்ற மூவருக்கும் பாதி பலம்கூட இல்லாமல் வந்து நிற்பான். யார் என்று சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் வளர்ச்சி முறையை நான் வெறுக்கவில்லை. கவாஸுவும் கைவிடவில்லை. அடுத்த வருடமே, 1989-ல், கேம் பாய்க்கு ‘சாகா’ தொடரைத் தொடங்கி இதே விதையைப் பல பத்தாண்டுகள் வளர்த்தார்.

எனக்குக் கோபம் வேறொன்றின் மேல். கதவுகள்.

குகைக்குள் போகிறீர்கள். ஒரு வளைவு, அங்கே வரிசையாகக் கதவுகள். ஒன்றில் அடுத்த தளத்துக்குப் படி இருக்கும், ஒன்றில் பெட்டி இருக்கலாம். மற்றவை வெறும் அறைகள். வெறும் அறையில் நுழைந்தால் வாசலில் நிற்க மாட்டீர்கள், நட்டநடு அறையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். வெளியே வர நாலைந்து அடி. அந்த நாலைந்து அடிக்குள் ஒரு சண்டை, சில சமயம் இரண்டு. வெளியே வந்து அடுத்த கதவு. அதுவும் வெறும் அறை. அங்கே பொருள் இல்லை, கதை இல்லை, ஒரு பாழாய்ப் போன பானைகூட இல்லை. வேண்டுமென்றே வைத்த பொறி. வளர்ச்சி முறையில் ஒரு கனவாவது இருந்தது. இதில் இருப்பது ஆட்டக்காரனின் நேரத்தைத் தின்னும் ஆசை மட்டுமே. பல பேர் இந்த கேமைப் பாதியில் விட்டதற்குக் காரணம் வாள் திறமைக் கணக்கு அல்ல, இந்த அறைகள்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

அதனால் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்பது ஒரே கேள்வி: இது என்னைக் கதவுகளிலிருந்து காப்பாற்றுமா?

ஃபேமிகாம் மூலப் பதிப்பு காப்பாற்றாது. பொருள் வைக்க 32 இடம்தான், கதைக்கு வேண்டிய சாமான்களும் அதிலேயே அடைய வேண்டும். ஒரு குணம் வளர்ந்தால் இன்னொரு குணம் குறையவும் கூடும். வாள் வீசி வீசி அறிவு மங்கிப்போகும். உயிரைக் கொடுத்து வாங்கிய அல்டிமா மந்திரம் பிழையால் சோப்ளாங்கியாக இருக்கும். ஜப்பானிய மொழியில் மட்டுமே வந்தது. ஆங்கிலப் பதிப்பு ஒன்று திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்டது, பிறகு ரசிகர்கள் தாங்களாக மொழிபெயர்த்தார்கள். வரலாற்று ஆர்வம் இருந்தால் ஒரு மணி நேரம் பாருங்கள். முடிக்க உட்காராதீர்கள்.

ஆரிஜின்ஸ், 2003-ல் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வந்த முதல் பதிப்பு என்பதால் மதிப்பு. முதல் பாகமும் கூடவே வரும். இன்றைக்கு அதைத் தேடிப் போகக் காரணம் இல்லை.

கேம் பாய் அட்வான்ஸின் டான் ஆஃப் சோல்ஸ் 2004-ல் வந்தது. இங்கேதான் கேம் உருப்பட ஆரம்பித்தது. குணம் குறையும் தொல்லை போனது, சில சண்டைகளுக்கு ஒரு முறை ஹெச்பி தானாகவே கூடத் தொடங்கியது. யாரும் யாரையும் வெட்டிக்கொள்ளத் தேவையில்லை. சில பேருக்கு இது ரொம்பச் சுலபமாகிவிட்டது என்று குறை. எனக்குக் குறை இல்லை. ஆனால் உண்மையான பரிசு, கேமை முடித்தபின் திறக்கும் ‘சோல் ஆஃப் ரீபர்த்’ என்ற துணைக்கதை. கதையில் செத்துப்போனவர்கள் அங்கே கண் விழிக்கிறார்கள்: மின்வூ, ஸ்காட், ஜோசஃப், ரிகார்ட். நீங்கள் ஃபிரியனோடு சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் இவர்கள் வேறு உலகில் வேறு போர் நடத்தியிருக்கிறார்கள். விருந்தாளிகள் வீணாய்ப் போனார்கள் என்ற ஆதங்கத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஸ்காட் ஏறக்குறைய வெறுங்கையோடு வந்து நிற்பான்.

2007-ல் வந்த பிஎஸ்பி பதிப்பில் துணைக்கதையும் உண்டு, படங்கள் கூர்மையாக மறுபடி வரையப்பட்டவை, மனதில் வைத்த சொற்களைக் கொண்டே உள்ளே போகும் ஒரு புதிர்க்கோட்டையும் சேர்ந்தது. உள்ளடக்கத்தில் நிறைவான பதிப்பு இதுதான். நான் முதல் முறை முடித்தது இதில். பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கிய பிஎஸ்பி. ஒவ்வொரு சண்டைக்கும் டிஸ்க் கர்ரென்று உறுமும். ஒரு வெறும் அறையின் நடுவில் நிற்கும்போது அந்த உறுமல் கேட்டாலே வயிற்றைக் கலக்கும், அடுத்த சண்டை வரப்போகிறது என்று. கதவுகள் அப்படியே இருக்கின்றன, தப்பிக்க வழி எதுவும் இல்லை.

பிக்சல் ரீமாஸ்டர் 2021 ஜூலையில் கணினிக்கும் ஃபோனுக்கும் வந்தது, 2023 ஏப்ரலில் ஸ்விட்ச், பிஎஸ்4-க்கு. வந்த புதிதில் எழுத்துரு கண்ணைக் குத்தியது, வேறு குறைகளும் இருந்தன. கன்சோல் பதிப்பில் சேர்த்த வசதிகள் பின்னர் அப்டேட்டாக மற்றவற்றுக்கும் கிடைத்தன. திறமைகளும் ஹெச்பியும் வளரும் வேகத்தை 4 மடங்கு வரை கூட்டலாம், தானாகச் சண்டை போடவிட்டு வேகமாக ஓட்டலாம், குகையின் வரைபடம் கையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வழியில் வரும் சண்டைகளை ஒரு பொத்தானில் அணைத்துவிடலாம். அப்பாடா! வெறும் அறையில் நுழைந்தால் அணைத்துவிட்டு நாலு அடி நடந்து வெளியே வாருங்கள். முப்பது வருடத்துக்கு மேல் உறுத்திய முள்.

இசையும் உயெமாட்சுவின் மேற்பார்வையில் புதிதாக அமைத்தது. கலகப் படையின் பாட்டு அதில் கேட்கும்போது, இவர்கள் தோற்றுக்கொண்டிருக்கும் கூட்டம் என்பது அப்படியே உறைக்கும். பழைய ஃபேமிகாம் ஓசைதான் பிடிக்கும் என்றால் அதற்கும் மாற்றிக்கொள்ளலாம். நான் அல்டேரில் புதியதையும் குகைகளில் பழையதையும் வைத்து ஓட்டினேன், காரணம் கேட்காதீர்கள்.

இதில் இல்லாதது துணைக்கதையும் புதிர்க்கோட்டையும். ஃபேமிகாமுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று, பின்னால் சேர்ந்ததை எல்லாம் கழற்றிவிட்டார்கள். புதிர்க்கோட்டை போனது பற்றி எனக்கு வருத்தமில்லை. துணைக்கதை போனது பெரிய இழப்பு. செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கட்டும், அதுதான் இந்தக் கதையின் அழுத்தம் என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்காட்டை அந்த அறையிலேயே விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.

ஆக, முதல் முறை விளையாடுகிறவருக்கு பிக்சல் ரீமாஸ்டர், தயக்கமே இல்லை. வளர்ச்சி வேகத்தை 4 மடங்கில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் எதைப் பயன்படுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே போய்விடும், இந்த கேமில் யோசிக்க வேறு அதிகம் இல்லை. 2 மடங்கு போதும். சண்டை அணைப்பைக் கதவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேம்கள் ஓரளவு பழக்கம், கையில் பிஎஸ்பி இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது என்றால் நேராக அதற்கே போகலாம். கேம் பாய் கேட்ரிட்ஜ் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர் வேறு எதுவும் வாங்க வேண்டாம், பிஎஸ்பியோடு ஒப்பிட்டால் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்.

அந்த ஆறாவது வழி? கதைதான் முக்கியம், கணக்குப் பிடிக்காது என்றால் நான்காம் பாகத்துக்குப் போங்கள். அங்கேயும் துரோகம், தியாகம், வந்துபோகும் தோழர்கள் எல்லாம் உண்டு, வளர்ச்சி கேமின் பொறுப்பு. இரண்டில் தடவித் தடவிக் கண்டுபிடித்ததை அங்கே சரளமாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் சொற்களை மனதில் வைத்துத் திருப்பிக் கேட்பது அதில் கிடையாது.

பிஎஸ்பி அல்லது கேம் பாயில் ஆடப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. நான்காவது ஆள் எப்படியும் போய்விடுவான் என்று தெரிந்தபின் எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள்: அவன் போகும்முன் கவசம், ஆயுதம், மோதிரம் எல்லாவற்றையும் உருவிக்கொள்வார்கள். நானும் மின்வூவுக்கு அதைத்தான் செய்தேன், பிறகு ஜோசஃபுக்கும் ரிகார்டுக்கும். கேமை முடித்துவிட்டுத் துணைக்கதையைத் திறந்தால், அவர்கள் மூவரும் எந்த நிலையில் என்னைவிட்டுப் போனார்களோ அதே பலத்தோடு, அதே உடையோடு வருவார்கள். மின்வூ இருட்டுக் குகையில் கண் விழித்தார். மேலே ஒரு நூல் துணிகூட இல்லை.